அளந்தவர் யார்?

ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காடு என்று ஓர் ஊர் இருக்கிறது. ராணுவத்திற்கு வேண்டிய சாமான்களைச் செய்யும் தொழிற்சாலைகளும் சேமித்து வைக்கும் கிடங்குகளும் நிறைந்த பிரதேசம் அது. 1965-ல் ஆவடியில் ‘விஜயந்தா’ டாங்கி உற்பத்தியாகத் தொடங்கிய நாள் முதல், அந்த வட்டாரத்து ஜனங்களில் பலருக்கு ராணுவம் என்பது வெறும் பத்திரிகைச் சமாசாரம் அல்ல. சாப்பாட்டுப் பாத்திரத்தைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு போய்ச் செய்துவிட்டு வருகிற வேலை. ஆகையால் அங்கே டீக்கடையில் நடக்கிற யுத்த விவாதத்திற்கு மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் கனம் அதிகம்.

1999-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 11-ந் தேதி காலையில் நான் அப்படிப்பட்ட ஒரு கடையில் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் கட்ச் எல்லையில் நமது மிக்-21 விமானம் பாகிஸ்தான் கடற்படையின் விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்திய செய்தியை ஓர் இளைஞன் உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். கார்கில் சண்டை முடிந்து இரண்டு வாரந்தான் ஆகியிருந்தது. கேட்டவர்கள் முகத்திலெல்லாம் சந்தோஷம். மூலையில் இருந்த ஒரு பெரியவர் மட்டும், “எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?” என்று கேட்டார்.

“இந்தப் பக்கந்தான் சார். பேப்பர்லேயே போட்டிருக்கானே!”

“போட்டிருக்கு தம்பி. அளந்தது யாரு?”

இளைஞனுக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்போ நம்ம ஆளுங்க பொய் சொல்றாங்கன்னு சொல்றீங்களா?”

“பொய்னு யார் சொன்னா? நான் முப்பது வருஷம் லேத்துல நின்னவன். நான் கடைஞ்சது முக்காலே மூணுவீசம் சரியாத்தான் இருக்கும். ஆனா, சரின்னு நானே முத்திரை குத்திக்க முடியாது. வேற ஆள் வந்து அளந்து பார்த்துத்தான் குத்துவான்.”

அந்தப் பெரியவர் சொன்ன வார்த்தையை நான் இன்றுவரை மறக்கவில்லை. அன்று நடந்த சம்பவத்தின் சரித்திரம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

இரண்டு சர்க்கார்களும் என்ன சொல்லின என்று பார்ப்போம். விழுந்தது ‘அட்லாண்டிக்’ என்ற பிரெஞ்சு விமானம். கடல்மேல் நெடுந்தூரம் பறந்து, கப்பல்களையும் நீர்மூழ்கிகளையும் ராடார் கொண்டு தேடுவதற்காகச் செய்யப்பட்டது. அது நமது ஆகாயத்திற்குள் சுமார் 10 கிலோமீட்டர் நுழைந்து வேவு பார்த்தது, இறங்கும்படி காட்டிய சைகையை மதிக்கவில்லை, நமது விமானத்தை நோக்கித் திரும்பியது, ஆகவே சுட்டோம் என்றது இந்தியா. ஆயுதம் ஏதுமில்லாமல் பயிற்சிக்காகப் புறப்பட்டது, தன் எல்லையைத் தாண்டவே இல்லை என்றது பாகிஸ்தான். அதில் இருந்த 16 பேரும் மாண்டு போனார்கள். அது ஒன்றில்தான் இரு தரப்புக்கும் அபிப்பிராய பேதம் இல்லை.

விமானத்தின் பெரும்பகுதி பாகிஸ்தான் மண்ணில் விழுந்து கிடந்தது. “பாருங்கள், எங்கள் மண்ணில்!” என்றார்கள் அவர்கள். நம்மவர்கள் இந்தப் பக்கத்தில் கிடந்த சில துண்டுகளை எடுத்துவந்து, “இதையும் பாருங்கள்!” என்றார்கள். யோசித்தால் இரண்டுமே முடிவான சாட்சி அல்ல என்பது விளங்கும். மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் போகிற விமானம் 10 கிலோமீட்டரைக் கடக்க 72 விநாடி போதும். அடிபட்ட இடம் வேறு, விழுந்த இடம் வேறாக இருக்கலாம். போதாக்குறைக்கு அது சேறும் உப்புமான சதுப்பு நிலம். அதை ஒட்டிய சர் கிரீக் என்ற கடற்கழியில் எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பதே இரு தேசங்களுக்கும் இடையே தீராத வழக்கு. தரையிலேயே கோடு நிச்சயமில்லாதபோது வானத்தில் எப்படி இருக்கும்?

1991-ல் இரு நாடுகளும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தன. போர் விமானங்கள் எல்லைக்கு 10 கிலோமீட்டருக்குள் வரக்கூடாது என்பது அதன் ஷரத்து. அட்லாண்டிக் போர் விமானமா, இல்லையா என்பதிலும் உடனே தகராறு. மறுநாள் பத்திரிகைக்காரர்களை ஏற்றிக்கொண்டு நமது ஹெலிகாப்டர்கள் அந்த இடத்துக்குப் போனபோது பாகிஸ்தான் ஏவுகணை ஒன்றைச் செலுத்தியது. ஹெலிகாப்டர்மீது ஏவினார்கள் என்றது இந்தியா. எல்லை தாண்டிய போர் விமானங்கள்மீது ஏவினோம் என்றது பாகிஸ்தான். ஆக, ஒரு சம்பவத்துக்கு இரண்டு அறிக்கை, அதை விளக்கப் போன இடத்தில் இன்னும் இரண்டு!

இதெல்லாம் அண்டை வீட்டாரின் குணம் என்று எண்ணிவிட வேண்டாம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் நாடகம் இதேதான், வேஷம் மட்டும் மாறியிருந்தது. 1959-ஆம் வருஷம் ஏப்ரல் 10-ந் தேதி, ரம்ஜான் பண்டிகையன்று, நமது விமானப் படையின் ‘கான்பெரா’ படம்பிடிக்கும் விமானம் ஒன்றைப் பாகிஸ்தான் ராவல்பிண்டிப் பக்கத்தில் சுட்டு வீழ்த்தியது. நல்ல வேளையாக அதில் இருந்த இருவரும் பாராசூட்டில் குதித்து உயிர் பிழைத்தார்கள். அப்போது சுட்டது நியாயம் என்று பேசியவர்கள் அவர்கள். சுட்டது தவறு என்று ஆட்சேபித்தவர்கள் நாம்.

அடுத்த வருஷமே பெரிய வல்லரசு ஒன்றும் இதில் அகப்பட்டுக்கொண்டது. 1960 மே முதல் தேதி, பாகிஸ்தானின் பெஷாவரிலிருந்து கிளம்பிய அமெரிக்க ‘யு-2’ விமானம் ருஷ்யாவின் நடுவே வீழ்த்தப்பட்டது. வானிலை ஆராய்ச்சி விமானம் ஒன்று துருக்கியில் காணாமற் போய்விட்டது என்று அமெரிக்கா சாதுவாக அறிக்கை விட்டது. குருஷ்சேவ் காத்திருந்து, “விமானி எங்களிடம் உயிரோடு இருக்கிறார்” என்ற செய்தியை மே 7-ந் தேதி வெளியிட்டார். நாலு நாள் கழித்து ஐஸன்ஹோவர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. பாரிஸில் நடக்க இருந்த சமாதானப் பேச்சும் அதோடு முறிந்தது. அங்கே அளந்து காட்ட ஓர் உயிருள்ள சாட்சி இருந்தார். கட்சில் அப்படி எவரும் மிஞ்சவில்லை.

அளப்பதற்கு வேற்று ஆள் வேண்டும் என்று எவரும் கேட்கவில்லையா? கேட்டார்கள். பாகிஸ்தான் 1999 செப்டம்பரில் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. காமன்வெல்த் நாடுகளோடு ஏற்படும் தகராறுகளில் அந்த நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுவதில்லை என்று இந்தியா 1974-லேயே அறிவித்திருந்தது. அதைச் சுட்டிக்காட்டி நமது வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். 2000-ஆம் வருஷம் ஜூன் 21-ந் தேதி, விசாரிக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று 14-க்கு 2 என்ற கணக்கில் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. சட்டப்படி வெற்றி நமக்குத்தான். ஆனால் விமானம் எந்தப் பக்கத்தில் அடிபட்டது என்ற கேள்வியை அந்தத் தீர்ப்பு தொடவே இல்லை. இரு அறிக்கைகளும் முத்திரை குத்தப்படாத சாமான்களாகவே நின்றுவிட்டன. முந்திய வருஷந்தான் இரு தேசங்களும் அணுகுண்டு வெடித்துப் பார்த்திருந்தன என்பதை நினைத்தால், அந்த 72 விநாடிகளை எவரும் அளக்காமல் விட்டது எவ்வளவு அபாயம் என்று தெரியும்.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவமும் உண்டு. 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, லடாக்கில் காவல் இருந்த நமது சிப்பாய்கள் சீனப் பக்கத்து வானத்தில் மர்ம ஒளிகளைக் கண்டு குறித்து வைத்தார்கள். மொத்தம் 329 தடவை. அதில் 155 தடவை எல்லை தாண்டி வந்ததாகக் கணக்கு. சீன வேவு விமானம் என்று அறிக்கை விட்டிருந்தால் தேசமே நம்பியிருக்கும். ராணுவம் அப்படிச் செய்யவில்லை. இந்திய வான் இயற்பியல் நிலையத்து விஞ்ஞானிகளை அழைத்துக் கேட்டது. நமது சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வான நோக்கு நிலையத்தின் வழித்தோன்றல்தான் அந்த ஸ்தாபனம். எந்த நேரத்தில், எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் என்று அவர்கள் கணக்கிட்டுப் பார்த்தார்கள். வந்த ஒற்றர்கள் வேறு யாருமல்ல: ஒருவர் குரு, மற்றவர் சுக்கிரன்!

செய்தி வெளிவந்தபோது பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை; பெருமையாகத்தான் இருந்தது. பனியில் நின்று 329 தடவை நேர்மையாகக் குறித்து வைத்த சிப்பாயும் கடமையைச் செய்தார். அதை அளந்து பார்க்க வேற்று ஆளைக் கூப்பிட்டவரும் கடமையைச் செய்தார். வெள்ளி நட்சத்திரத்தைச் சுடக் கிளம்பாமல் ஒரு தேசம் தப்பித்ததென்றால், அது சிரிக்கிற விஷயமா?

சேக்காட்டுப் பெரியவர் அன்று டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தபோது இளைஞன் விடவில்லை. “கடைசியா என்னதான் சார் சொல்றீங்க? நம்ம ராணுவத்தை நம்பணுமா, வேண்டாமா?”

“நம்பு தம்பி. நானே அதுக்குச் சாமான் செஞ்சு குடுத்தவன். அளந்து பார்த்தா தேறுங்கிற நம்பிக்கையோட நம்பு” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.