2000 வோல்ட்டும் ஒரு அங்குஸ்தானும்

கேபிள் டெஸ்டிங்னு சொன்னாலே நம்ம ஆளுங்களுக்குக் கை போறது மெக்கர் மேலதான். "இன்னும் கொஞ்சம் ஏத்திப் பாத்துடலாம்ணே" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். அந்தக் குரலுக்கு ஒரு கொள்ளுத்தாத்தா உண்டு மக்களே. 1858-ல் அட்லாண்டிக் கடலுக்கடியில் போட்ட முதல் தந்திக் கேபிளைக் கொன்றவர் என்று பேர் வாங்கினவர்.

வைல்ட்மன் ஒயிட்ஹவுஸ். தொழிலால் டாக்டர், மின்சாரம் ஆசைக்குக் கற்றது. (நாமளும் ஆசைக்குத்தானே எழுதறோம், அதைக் குத்தம் சொல்லலை :-)) அயர்லாந்திலிருந்து நியூஃபவுண்ட்லாந்து வரை ஏறத்தாழ 2000 மைல் கேபிள். நடுவில் செம்பு, மேலே கட்டாபெர்ச்சா என்கிற மரப்பால் உறை, வெளியே இரும்புக் கம்பி. விக்டோரியா ராணியின் 98 வார்த்தை வாழ்த்து போய்ச்சேரவே 16 மணி நேரம் ஆச்சு! சிக்னல் வீக்காக இருக்கிறதே என்று மனுஷர் 5 அடி நீள இண்டக்‌ஷன் காயிலை வைத்து 2000 வோல்ட் வரை கொடுத்துப் பார்த்தார். செப்டம்பர் தொடக்கத்தில் பேச்சு நின்றுபோச்சு.

பழி மொத்தமும் அவர் தலையில் விழுந்தது. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. கேபிள் கடலில் இறங்கும்போதே நோஞ்சான். கிரீனிச்சில் வெயிலில் கிடந்ததில் உறை இளகி, செம்பு நடுவை விட்டு ஒதுங்கியிருந்தது. கடலுக்குப் போகிற கேபிள், தயாரிக்கும்போது ஒருதடவை தண்ணிக்குள் முக்கி இன்சுலேஷன் பார்த்தார்களா? இல்லை.

இன்னொரு சங்கதி. செம்பென்றால் எல்லாம் ஒரே செம்புதான் என்று அப்போது நினைப்பு. வில்லியம் தாம்சன் (பின்னாளில் கெல்வின் பிரபு) 1857-ல் அளந்து பார்த்தால், ஒரு கம்பிக்கும் இன்னொரு கம்பிக்கும் கடத்துதிறன் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். இன்றைக்கும் மீட்டர் "பீப்" அடித்தவுடன் கன்டினியுட்டி ஓகே என்று எழுதிவிடுகிறோம் பாருங்க... ஓம் எவ்வளவு என்று படித்து எழுதணும். வண்டி ஹார்னஸ் என்றால் கனெக்டரை ஆட்டிக்கொண்டே படிக்கணும். நசுங்கிய கிரிம்ப்பும் சும்மா இருக்கும்போது பீப் அடிக்கும்.

அப்புறம் விசாரணைக் கமிட்டி உட்கார்ந்து 1861-ல் அறிக்கை கொடுத்தது. அடுத்த கேபிளுக்கு கோரைத் தண்ணீரில் ஊறவைத்து டெஸ்ட், கப்பலில் இறக்கும்போதும் இடைவிடாமல் டெஸ்ட். 1865-ல் உறையைக் குத்தி நின்ற கம்பித் துண்டை அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். அந்த வருஷக் கேபிள் அறுந்து கடலில் போனாலும், 1866 ஜூலை 27-ல் புதுக் கேபிள் கரையேறியது. அறுந்ததையும் தூக்கி ஒட்டி முடித்தார்கள்.

இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம். லேட்டிமர் கிளார்க் இரண்டு கேபிளையும் அந்தக் கரையில் சேர்க்கச் சொல்லி, இந்தக் கரையில் ஒரு வெள்ளி அங்குஸ்தானை (தைக்கும்போது விரலில் மாட்டுவோமே, அதேதான்) வாங்கினார். அதில் கொஞ்சம் ஆசிட், துளி துத்தநாகம். அவ்வளவுதான் பேட்டரி. சிக்னல் அட்லாண்டிக்கைக் கடந்து போய்த் திரும்பி வந்தது! தாம்சனின் கண்ணாடி கால்வனோமீட்டர் அதைக் காட்டியது.

ஒயிட்ஹவுஸ் வியாதி இன்னும் முழுசாகத் தீரவில்லை. பழைய எக்ஸ்எல்பிஇ கேபிளில் டிசி ஹைபாட் அடித்தால், டெஸ்ட்டில் பாஸாகி சர்வீஸில் புட்டுக்கொள்ளலாம். அதனால்தான் 0.1 ஹெர்ட்ஸ் விஎல்எஃப் பக்கம் போனார்கள். வீட்டு வயரிங்குக்கு 500 வோல்ட் மெக்கர் போதும், எல்இடி பல்பு, ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் கழற்றிவிட்டு. முடிந்ததும் கம்பியை டிஸ்சார்ஜ் பண்ணாமல் தொடாதீங்க சாமி, நீளக் கேபிள் நல்லாவே உதைக்கும்.