கிளி கடிச்சதும் கிளி கடிந்ததும்

எங்க வீட்டுக் கொல்லையில இருக்கறது ஒரே ஒரு கொய்யா மரம். பழுக்கறதுக்கு முதல் நாளே கிளிக்கூட்டம் வந்து ஆளுக்கு ஒரு கடி கடிச்சுப் போட்டுட்டுப் போயிடும். பொறுக்க முடியாம நைலான் வலை போட்டேன். மூணாம் நாள் காலையில பார்த்தா, ஒரு கிளி கால் மாட்டித் தலைகீழாத் தொங்குது. கத்திரியால வலையை நறுக்கி அதை விடறதுக்குள்ள எனக்குக் கை நடுங்கிப் போச்சு.

அன்னிக்கு ராத்திரிதான் குறிஞ்சிப்பாட்டு ஞாபகம் வந்தது. கபிலர் பாடியது, 261 அடி. நம்ம திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் உ.வே.சா. 1889-ல் பதிப்பித்த பத்துப்பாட்டில் ஒன்று. அதில் தலைவி தினைப்புனத்தில் பரண் ஏறிக் கிளி ஓட்டுகிறாள். பழந்தமிழில் 'கடிதல்' என்றால் ஓட்டுதல்.

அவள் எடுத்த கருவிகளில் கபிலர் பெயர் சொல்பவை மூன்று: தழல், தட்டை, குளிர். நச்சினார்க்கினியர் உரைப்படி, தழல் என்பது கையால் சுற்றினால் ஓசை எழுப்புவது. தட்டை, மூங்கிலைப் பலவாகப் பிளந்து தட்டுவது. குளிர், மூங்கிலை வீணை மாதிரி கட்டித் தெறிப்பது. மூணுமே வெறும் சத்தம்தான். கவண்கல்லும் அந்தக் காலத்தில் உண்டு, இல்லைன்னு சொல்லலை. ஆனா கிளிக்கென்று கபிலர் பெயர் சொல்லும் மூன்றிலும் காயமே இல்லை பாருங்க.

வெறும் சத்தத்துக்குப் பறவை ரெண்டு நாள் பயப்படும், அப்புறம் பழகிடும். பின்னே எப்படிப் பலிச்சது? பொழுது சாய வந்தால் போதும்னு செவிலித்தாய் அனுப்பி வைக்க, பகல் முழுக்க ஒரு பெண் அங்கேயே இருந்தாள். காவல் காத்தது கருவி இல்லீங்க, ஆள்! நாம ஆபீஸ் போயிடறோம், அந்த வேலையை வலை கிட்ட விட்டுடறோம்.

இன்னொண்ணு. காவிரி வெள்ளத்தில் மண் மூடிப்போன அரங்கன் கோயில் எங்கே இருக்குன்னு சோழ ராஜாவுக்குக் காட்டிக் கொடுத்ததே ஒரு கிளிதான் என்பது ஐதீகம். அவர் கிளிச்சோழன், கோயிலுக்குள்ள கிளி மண்டபமே இருக்கு. அந்த ஊர்ல உட்கார்ந்துக்கிட்டு நான் கிளிக்கு வலை விரிச்சிருக்கேன்!

வலையைக் கழட்டியாச்சு. இப்போ கைக்கு எட்டற காய்களுக்கு மட்டும் துணிப்பை கட்டறேன். உச்சிக்கிளைல இருக்கறது அவங்க பங்கு. உங்க ஊர்ல எப்படி ஓட்டுவாங்க? சொல்லுங்களேன்.