பாலைநிலத்தில் பிறநாட்டுப் பெண்கள்

சவூதி அரேபியாவிற் பிறநாட்டுப் பெண்கள் படும் பாட்டைப் பற்றிப் பேச்செழுந்தால், அது மார்க்கச் சட்டம் ஆளும் நாடு, வேறு எதனை எதிர்பார்க்கலாம் என்று கூறி அமைந்துவிடுவோர் நம்மிடையே பலர். இவ்விடை எளிது; எளிதாயிருப்பதே அதன் குறையுமாகும். ஒரே மன்னராட்சியின் கீழ் ஒரு பெண் புற்றரையில் மாலைப்பொழுதைக் கழித்தாள்; வேறொருத்தி தான் வேலைசெய்த வீட்டின் வாயிலைத் தாண்டியறியாள். மார்க்கம் ஒன்றே காரணமாயின் இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது?

1933இல் கலிபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் எண்ணெய்க் கம்பனி மன்னர் இப்னு சவூதிடமிருந்து எண்ணெய் அகழும் உரிமையைப் பெற்றது. 1938இல் தம்மாமின் ஏழாவது கிணறு வளங்காட்டிற்று. அதற்கு முந்திய ஆண்டிலேயே அமெரிக்க ஊழியரின் மனைவியர் தஹ்ரானுக்கு வரத் தொடங்கிவிட்டனர். பின்னாளில் அரம்கோ எனப் பெயர்பெற்ற அதன் துணைக் கம்பனி அவர்களுக்கென வேலியிட்ட சிற்றூர் ஒன்றையே அமைத்தது. பாடசாலை, படமாளிகை, நீச்சற் குளம் யாவும் அங்கு எழுந்தன. தாதியராகவும் ஆசிரியைகளாகவும் செயலாளர்களாகவும் பெண்கள் பணிபுரிந்தனர். வேலிக்குள் முகத்திரை இல்லை. மோட்டார் வண்டியையும் தாமே ஓட்டினர். வெளியே வந்தால் நாட்டு வழமைக்கு அடங்க வேண்டும் என்பதும், தனிமையும் வெக்கையும் அவர்களை வருத்தின என்பதும் உண்மையே. அவற்றை நாம் சிறுமைப்படுத்தவில்லை.

ஆனால் அவ்வேலி யாரைத் தடுத்தது? எண்ணெயை எடுத்த அராபியத் தொழிலாளரையே தடுத்தது. அவர்களுள் பலர் வேறொரு முகாமில், நெடுங்காலம் ஓலைக்குடிசைகளில் வாழ்ந்தனர். 1953இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். 1956இல் மீண்டும் கிளர்ந்தபோது, மன்னர் சவூதின் ஆணை வேலைநிறுத்தத்தையே குற்றமாக்கிற்று. கம்பனிக்காக நெகிழத் தெரிந்த ஆட்சிக்குத் தன் குடிமக்களுக்காக நெகிழத் தெரியவில்லை.

1962இல் அந்நாடு அடிமைமுறையைச் சட்டப்படி ஒழித்தது. 1973இன் பின் எண்ணெய் விலை பன்மடங்கு உயர, செல்வம் பெருகிய வீடுகள் ஆசியாவின் வறிய கிராமங்களிலிருந்து பணிப்பெண்களை அழைத்தன. அடிமையின் இடத்திற் பணிப்பெண் அமர்ந்தாள் என்று நேர்க்கோடு வரைதல் பொருந்தாது; இவளுக்குச் சம்பளம் உண்டு, ஒப்பந்தம் உண்டு. எனினும், உழைப்பவளின் நடமாட்டமும் வீட்டுத் தலைவனுக்கு உரியதே என்ற எண்ணம் அவ்வாணையோடு மறைந்துவிடவில்லை. கபாலா எனப்படும் பொறுப்பாளர் முறை அவளது வதிவிட உரிமையை ஒரே எசமானனோடு பிணைத்தது. அவன் இசைவின்றி அவள் வேலை மாறவோ நாடு திரும்பவோ இயலாதிருந்தது. கடவுச்சீட்டு அவன் பெட்டியில் இருந்தது. துன்பந் தாளாது வெளியேறினால், தப்பியோடியவள் என்ற முறைப்பாடு அவளையே குற்றவாளியாக்கிற்று.

இலங்கையில் 1977இன் திறந்த பொருளாதாரத்துக்குப் பின் இவ்வழியிற் சென்றோர் ஏராளம். 1985இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் சட்டத்தால் நிறுவப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில் வேலைக்காக நாடு கடந்தோருட் பெரும்பான்மையினர் பெண்களே. அவர்கள் அனுப்பிய பணம் நாட்டின் அந்நியச் செலாவணியைத் தாங்கிற்று.

1990 நவம்பர் 6இல் 47 பெண்கள் றியாத்திற் கார் ஓட்டித் தடையை மீறியமை உலகறிந்த செய்தி. துணிவான செயல், நாமும் போற்றுகிறோம். 2018 ஜூன் 24இல் அத்தடை நீங்கியபோது உலகப் பத்திரிகைகள் களித்தன. வாயிற்கதவே பூட்டப்பட்டிருந்த பணிப்பெண்ணுக்கு அன்று எது மாறியது? 2005இன் தொழிற் சட்டம் வீட்டுப் பணியாளரைப் புறத்தே நிறுத்தியது. 2013இல் வந்த தனி விதி நாளொன்றுக்கு 9 மணிநேர ஓய்வை அவர்களுக்கு 'வழங்கியது'. எஞ்சிய 15 மணிநேரத்தைக் கணக்கிட வாசகருக்கு நாம் உதவ வேண்டியதில்லை. வேலைநேரத்துக்குப் பத்து மணி என்ற வரம்பு 2024இலேயே நடைமுறைக்கு வந்தது. 2021இல் ஏனைய தொழிலாளருக்குக் கபாலா தளர்த்தப்பட்டபோதும் வீட்டுப் பணியாளர் விலக்கப்பட்டனர்.

மூதூரிலிருந்து 2005இற் சென்ற ஓர் இளம்பெண்ணை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். பிறப்புச் சான்றிதழின்படி அவளுக்கு வயது 17; கடவுச்சீட்டில் வயதைக் கூட்டி எழுதி அனுப்பினர். அவளது பராமரிப்பில் இருந்த நாலு மாதக் குழந்தை இறந்தது. பாலூட்டுகையில் மூச்சுத் திணறியது என்றாள் அவள். விசாரணையின் தொடக்கத்தில் வழக்கறிஞர் இல்லை. தகுதிவாய்ந்த தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இல்லை. 2007இல் மரணதண்டனை விதிக்கப்பட்டு, 2013 ஜனவரி 9இல் நிறைவேற்றப்பட்டது. அவளும் முஸ்லிமே. ஒரே மார்க்கம் அவளுக்கு எத்துணையையும் அளிக்கவில்லை.

அதன்பின் கொழும்பு செய்தது யாதெனில், சவூதிக்குச் செல்லும் பணிப்பெண்ணின் குறைந்தபட்ச வயதை 25 ஆக உயர்த்தியதும், அவ்வாண்டிலேயே குடும்பப் பின்னணி அறிக்கையைக் கட்டாயமாக்கியதுமாகும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையை உடைய தாய்க்குப் பயண அனுமதி மறுக்கப்பட்டது. அதே வயதிற் பிள்ளையுள்ள தந்தையிடம் அவ்வறிக்கையை எவரும் கேட்கவில்லை.