தாய் தைத்த வேடம்



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய வாசலில் நின்றிருந்தபோது, நம் சபையின் இளந்தாய் ஒருவர் தயக்கத்தோடு அருகில் வந்தார். அவருடைய நான்கு வயது மகன் பயிலும் பாலர் பள்ளியில் அக்டோபர் 31 அன்று பிள்ளைகள் யாவரும் வேடமணிந்து வருவார்களாம். "வீட்டிலேயே தைத்துக் கொடுக்கலாமென்று நினைக்கிறேன். அது பாவமாகுமோ ஐயா?" என்று கேட்டார். அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் உங்களில் பலருக்கும் இந்தக் கலக்கம் உண்டென்று அறிவேன். ஆகையால் இவ்வாரம் உங்களைச் சற்றே வரலாற்றின் பக்கம் அழைத்துச் செல்கிறேன்.

ஹாலோவீன் என்னும் பெயர் திருச்சபையின் நாட்காட்டியில் பிறந்தது. சகல பரிசுத்தவான்களின் திருநாளுக்கு முந்தின மாலை என்பதே அதன் பொருள். எட்டாம் நூற்றாண்டில் மூன்றாம் கிரகோரி, ரோமாபுரியின் பேதுரு ஆலயத்தில் சகல பரிசுத்தவான்களுக்கென்று ஒரு சிற்றாலயத்தை அர்ப்பணித்தார். 835இல், நான்காம் கிரகோரியின் காலத்தில், நவம்பர் 1 பிராங்கியப் பேரரசு முழுவதற்கும் அத்திருநாளாயிற்று. மறுநாள் மரித்தோரை நினைக்கும் நாள். அதே பருவத்தில் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் குளிர்காலத் தொடக்கத்தைக் கொண்டாடிய பழைய வழக்கங்களும் இருந்தன. அவை இதனோடு கலந்தன என்பதை நான் மறைக்கப்போவதில்லை. லுத்தர் தமது 95 கூற்றுகளை வெளியிட்டதும் 1517இல் இதே மாலையில்தான். மறுநாள் திருநாளுக்கு விட்டன்பர்க் ஆலயத்தில் ஜனங்கள் திரளுவார்கள் என்பதை அவர் அறியாதவரல்லர்.

இங்கிலாந்தில் இந்நாட்களில் ஏழைகள் வீடு வீடாகச் சென்று வாசலில் நிற்பார்கள். வீட்டார் சிறு பணியாரம் கொடுப்பார்கள். பெற்றுக்கொண்டவர்கள் அவ்வீட்டில் மரித்தவர்களுக்காக ஜெபிப்பார்கள். மரித்தோருக்கான ஜெபத்தைச் சீர்திருத்தச் சபைகள் விட்டுவிட்டன. நாமும் அதைச் செய்வதில்லை. ஆயினும் வாசலில் நின்று கேட்கும் வழக்கம் நிலைத்தது. ஷேக்ஸ்பியர் தமது நாடகமொன்றில் இந்நாளின் பிச்சைக்காரனுடைய அழுகுரலை உவமையாகவே எடுத்தாள்கிறார். ஸ்காட்லாந்தில் பிள்ளைகள் தகப்பனின் பழைய மேலங்கியை மாட்டி, முகத்தில் கரி பூசி, குடைந்த டர்னிப் கிழங்கில் விளக்கேற்றிக்கொண்டு போவார்கள். ஒரு பாட்டோ செய்யுளோ சொன்ன பிறகே ஆப்பிளும் கொட்டைகளும் கைக்கு வரும். அந்த வேடம் கடையில் வாங்கியதன்று. வீட்டில் கிடந்ததே வேடமாயிற்று.

வேடம் என்றாலே வஞ்சகம் என்பார் சிலர். யாக்கோபின் கைகளில் ஆட்டுத்தோலைக் கட்டி அனுப்பிய ரெபேக்காளை அவர்கள் காட்டுவார்கள். குருடனான தகப்பனை ஏமாற்றவே அந்த வேடம் போடப்பட்டது, மறுப்பில்லை. ஆனால் அதே வேதத்தில் அன்னாளும் இருக்கிறாள். ஆண்டுதோறும் சாமுவேலுக்கு ஒரு சின்னச் சட்டையைத் தைத்துக்கொண்டு சீலோவுக்குப் போனாள். தொலைவில் வளரும் பிள்ளையின் அளவை அவள் எப்படி அறிந்தாள் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

1840களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பி அயர்லாந்து மக்கள் லட்சக்கணக்கில் அமெரிக்கா வந்தபோது இவ்வழக்கமும் அவர்களோடு கப்பலேறியது. இங்கே டர்னிப்புக்குப் பதிலாகப் பரங்கிக்காய் அகப்பட்டது, குடைவதற்கு எளிது. மாசசூசெட்ஸின் டென்னிசன் நிறுவனம், தன் கிரேப் காகிதத்தை விற்பதற்காக, 1909இல் ஹாலோவீன் கையேடு ஒன்றை வெளியிட்டது. பழைய உடையின்மேல் காகிதத்தை வைத்துத் தைத்து, ஓரிரவுக்கான தொப்பியும் அங்கியும் செய்யும் விதத்தை அத்தகைய கையேடுகள் தாய்மாருக்குக் கற்பித்தன. அழகுதான், ஆனால் மெழுகுவர்த்தியின் அருகே காகித உடையில் ஒரு குழந்தை நிற்பதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

அக்காலத்து ஹாலோவீன் பெரும்பாலும் வாலிபரின் அட்டூழிய இரவு. வேலிகளைப் பிடுங்குவதும் வண்டிகளைக் கவிழ்ப்பதும் சாதாரணம். மினசோட்டாவின் அனோகா நகரத்தார் 1920இல் அதட்டலை விட்டுவிட்டு ஊர்வலம் ஒன்றை ஏற்பாடு செய்தார்கள். மற்ற ஊர்களும் விருந்தையும் வேடத்தையும் முன்வைத்துப் பிள்ளைகளைத் தெருவிலிருந்து வாசலுக்கு அழைத்தன. போர்க்காலச் சர்க்கரைப் பங்கீட்டில் மிட்டாய் அரிதாகி வழக்கம் தளர்ந்து, பங்கீடு நீங்கியதும் மீண்டும் தழைத்தது.

அதன்பின் நடந்ததை ஒரு போதகர் வீட்டிலிருந்து சொல்ல வேண்டும். 1950இல் பிலதெல்பியாவில் கிளைட் அலிசன் என்னும் பிரஸ்பிட்டேரியன் போதகரும் அவர் மனைவி மேரி எம்மாவும், தங்கள் பிள்ளைகளை வேடமணிவித்து, கையில் மிட்டாய்ப் பைக்குப் பதிலாகப் பால் அட்டைப்பெட்டியைக் கொடுத்து அனுப்பினார்கள். போரினால் பாலின்றி வாடிய பிற தேசத்துக் குழந்தைகளுக்காகக் காசு கேட்டு அப்பிள்ளைகள் கதவு தட்டினார்கள். சேர்ந்தது 17 டாலர். அது யுனிசெப்புக்குப் போயிற்று. பிறகு சபைகளும் பள்ளிகளும் அதைக் கையிலெடுக்க, கோடிக்கணக்கான டாலர்கள் அவ்வழியே சேர்ந்தன.

இவ்வளவையும் வாசலில் நின்று அந்தத் தாயிடம் நான் சொல்லவில்லை. இரத்தம் வடியும் முகமூடிகளை நான்கு வயதுக் குழந்தைக்கு மாட்டுவதில் எனக்குச் சற்றும் விருப்பமில்லை, அதைச் சொன்னேன். பிறகு, "என்ன வேடம் தைக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"ஆட்டுக்குட்டி. வெள்ளைப் போர்வையில் பஞ்சு ஒட்டி."

முகத்தை மூடாமல் காதுகளைத் தொப்பியில் தைக்கும்படியும், ஓரத்தைக் கணுக்காலுக்கு மேலேயே மடிக்கும்படியும் சொன்னேன். அவன் படியேறும்போது தடுக்கிவிழக் கூடாதல்லவா?

"மடித்துவிட்டேன் ஐயா, நேற்றிரவே" என்றார்.