நெக்சஸ் 7, ஐபேட் மினி: இரு கருவிகள், இரு கடைகள்

2012-ஆம் ஆண்டில் நான்கு மாத இடைவெளியில் இரண்டு சிறிய டேப்லெட்கள் அறிமுகமாயின. ஜூனில் வந்தது கூகுளின் நெக்சஸ் 7. தொடக்க விலை 199 டாலர். அக்டோபரில் வந்தது ஆப்பிளின் ஐபேட் மினி, 329 டாலர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியவரும் உண்மை, இன்று டேப்லெட் வாங்குகிறவருக்கும் உதவும்.

கருவியை மட்டும் எடைபோட்டால் நெக்சஸ் 7 பல விதத்தில் முந்துகிறது. ஆசஸ் நிறுவனம் தயாரித்த இதில் நான்கு கோர் டெக்ரா 3 பிராசசரும் 1 ஜிபி ராமும் இருந்தன. மினியில் இரண்டு கோர் ஏ5, 512 எம்பி ராம். நெக்சஸின் 7 அங்குலத் திரையில் அங்குலத்துக்கு 216 புள்ளிகள், மினியின் 7.9 அங்குலத் திரையில் 163 மட்டுமே. அதனால் நெக்சஸில் எழுத்து கூர்மையாகத் தெரிந்தது. மினியின் பக்கம் இருந்தவை குறைந்த எடை, அகன்ற திரை, பின்பக்கக் கேமரா.

ஆனால் மினியின் திரையை 1024×768 என்ற அளவில் ஆப்பிள் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஐபேட் 2-இன் அளவும் அதுவேதான். எனவே ஐபேடுக்கென்றே எழுதப்பட்ட சுமார் 2,75,000 செயலிகள் எந்த மாற்றமும் இல்லாமல் மினியில் ஓடின. நெக்சஸ் இயங்கிய ஆண்ட்ராய்டில் டேப்லெட்டுக்கென்று எழுதப்பட்டவை அப்போது குறைவு. நெக்சஸில் ட்விட்டரைத் திறந்தால், போனுக்காக அமைத்த பக்கமே இழுத்து விரித்ததுபோல் வந்து நின்றது. வலப்புறம் பெரும்பகுதி வெற்றிடம். இசை, ஓவியம், பாடநூல் என்று எதைத் தேடினாலும் ஆப் ஸ்டோரில் தேர்வு அதிகம்.

கட்டுப்பாடு இல்லாமை ஆண்ட்ராய்டின் பலம். நெக்சஸைக் கணினியில் செருகினால் ஒரு ஃபோல்டரைப்போல் திறக்கும். புத்தகத்தையும் பாட்டையும் நேராகப் போட்டுக்கொள்ளலாம். மினிக்கு ஐடியூன்ஸ் வழியாகப் போக வேண்டியிருந்தது. தமிழில் எழுதுவோர் இந்த வேறுபாட்டை நன்கு உணர்ந்தார்கள். ஆண்ட்ராய்டில் பிறர் உருவாக்கிய விசைப்பலகையை நிறுவிக்கொண்டு எந்தச் செயலியிலும் தட்டச்சு செய்யலாம். ஐபேடில் தமிழ் விசைப்பலகை வந்தது 2013-இல், ஐஓஎஸ் 7-உடன்தான். பிறர் விசைப்பலகைகளுக்கு 2014-இல்தான் அனுமதி கிடைத்தது. 2012 இறுதியில் வந்த ஆண்ட்ராய்டு 4.2, ஒரே டேப்லெட்டில் வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வைத்துக்கொள்ளவும் வழிசெய்தது.

விலை வேறுபாட்டுக்கும் கடைதான் காரணம். பிளே ஸ்டோர் வழியாக விற்கும் நெக்சஸ் 7-இல் லாபமில்லை என்று அப்போதைய ஆண்ட்ராய்டுப் பிரிவுத் தலைவர் ஆண்டி ரூபினே சொன்னார். கருவி வாங்கியவர் பிறகு புத்தகமும் படமும் செயலியும் வாங்குவார் என்பதே கணக்கு. ஒரு கடையில் பணம் கொடுத்து வாங்கிய செயலி மற்றதற்கு வராது. ஆண்டுகள் கூடக்கூட இடம் மாறுவதற்கான செலவும் கூடும்.

ஆகவே, வரையவும் இசை பழகவும் பாடம் படிக்கவும் டேப்லெட் தேடியவருக்கு மினியே சரி. கதைப் புத்தகம், வீடியோ, தமிழ்த் தட்டச்சு, குடும்பத்துக்குப் பொதுவான ஒரு கருவி என்றால் நெக்சஸ் போதும். இன்றும் இதே வரிசையில் யோசிப்பது நல்லது. செய்யப்போகும் வேலைகளை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அவற்றுக்கான செயலிகள் பெரிய திரைக்கேற்ப அமைந்திருக்கின்றனவா, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டன என்று பாருங்கள். கருவியின் திறனை அதன்பின் ஒப்பிடலாம். வேண்டிய செயலி இல்லாவிட்டால் மிச்சம் பிடித்த 130 டாலர் மிச்சமாகாது. திறக்கவே போகாத செயலிகளை நம்பிக் கூடுதலாகக் கொடுத்த 130 டாலரும் வீண்தான்.