கடலின் பெயர் பெற்ற நோய்

உடல் வெளிறுவதை நம் முன்னோர் பாண்டு என்றனர். வெளிறிய மேனியோடு பிறந்தமையாலேயே பஞ்சபாண்டவரின் தந்தைக்கு அப்பெயர் வாய்த்ததென்பது பாரதக் கதை. கண்ணால் கண்டதைக் கொண்டு பெயரிட்ட காலம் அது. நேயர்களே, இன்று நாம் நோக்கும் 'தலசீமியா' என்ற சொல் வேறு வழியாக வந்தது.

1925இல் அமெரிக்காவின் டிட்றொயிற் நகரில் தொமஸ் கூலி என்ற குழந்தை மருத்துவர் ஒரு கடுங் குருதிச்சோகையை விவரித்தார். பிள்ளைகள் வெளிறியிருந்தனர், மண்ணீரல் வீங்கியிருந்தது, முக எலும்புகள் உருமாறியிருந்தன. இத்தாலிய, கிரேக்க வழிவந்த குடும்பங்களிலேயே இந்நோய் மிகுதியாகக் காணப்பட்டது. 1934இல் நொபெல் பரிசு பெற்ற ஜோர்ஜ் விப்பிள், பிரட்போர்ட் என்பவருடன் சேர்ந்து இதை ஆராய்ந்தார். அவர்களின் 1936ஆம் ஆண்டுக் கட்டுரைத் தலைப்பிலேயே தலசீமியா இடம்பெற்றது. கிரேக்க மொழியில் 'தலசா' கடல், 'ஹைமா' குருதி. அவர்கள் நினைத்தது மத்தியதரைக் கடலை. செனபோன் எழுதிய வரலாற்றில், களைத்த கிரேக்கப் படைவீரர் மலையுச்சியில் நின்று கடலைக் கண்டு கூவியதும் இதே சொல்லைத்தான். ஆனால் அவர்கள் கண்டது கருங்கடல்!

பெயர் அழகு, பொருத்தந்தான் இல்லை. இந்நோய் மத்தியதரை நாடுகளிலிருந்து இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா வரை பரந்துள்ளது. நம் நாட்டில் கடலே எட்டாத குருநாகலில் இதற்கெனச் சிகிச்சை நிலையம் உண்டு. இத்தேசங்களை இணைப்பது கடலன்று, மலேரியா. தலசீமியாக் கூற்றை ஒரு பாதியாகப் பெற்றவர் மலேரியாவைத் தாங்கி நிற்பர் என்ற கருத்தை ஹால்டேன் 1949இல் எழுதினார். பிந்திய ஆய்வுகள் அதற்கு வலுச் சேர்த்தன. 1934-35இல் மலேரியா பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோன நாடு நம்முடையது. 2016இல்தான் மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றோம். மலேரியா என்ற சொல்லுக்கும் இத்தாலிய மொழியில் 'கெட்ட காற்று' என்பதே பொருள். அதுவும் பிழையான பெயரே.

தமிழுக்கு வருவோம். நோயின்றி அக்கூற்றை மட்டும் உடையவரை நம் பாடநூல்கள் 'காவி' என்கின்றன. காவுதல் சுமத்தல், குடம் காவுதல், காவடி காவுதல் என்று நம்மவர் நாவில் வாழும் நல்ல சொல். ஆயினும் மலேரியாவைப் பரப்பும் நுளம்பும் நமக்கு நோய்க்காவியே! தொட்டாலும் கடித்தாலும் எவருக்கும் நோய் கொடுக்காத மனிதர், பெயரளவில் நுளம்போடு ஒன்றாகிவிடுகிறார். கலியாணப் பேச்சிலே இச்சொல் செய்யும் கேட்டைச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை நோயுற்றால் தாய்வழியைத்தான் பழிக்கிறார்கள். தாய், தந்தை இருவரும் கூற்றுடையவராயின், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பாகவே நோய் வரும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் அந்நோய் வாராது. மாணவர்க்கு நான் 'கூற்றுடையோர்' என்றே எழுதிக் காட்டுகிறேன். பரீட்சையில் மட்டும் 'காவி' என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்; புள்ளி போய்விடக் கூடாதல்லவா?