மலாயாத் தோட்டத் தமிழர் எப்போது ஊர்க்காரர் ஆனார்கள்?

ரப்பர் தோட்ட வேலைக்காக மலாயா போன தமிழரைப் பற்றிப் பேசும்போது ஒரு கருத்து வாய்ப்பாடு போலத் திரும்பத் திரும்ப வருகிறது. அவர்கள் நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பும் எண்ணத்தில் வந்தவர்கள், நினைப்பெல்லாம் நாகப்பட்டினத்துக்கு இந்தப் பக்கம்தான், இரண்டாம் உலகப் போரும் சட்டமும் வழியை அடைத்ததால் வேறு போக்கின்றித் தங்கிப்போனார்கள் என்பது அது. தோட்ட முதலாளிகளுக்கு இது வசதியான கருத்து. போகப்போகிறவனுக்குக் கல்வீடு எதற்கு, பள்ளிக்கூடம் எதற்கு என்று கேட்டுவிடலாம். பின்னால் குடியுரிமைப் பேச்சு வந்தபோதும் இதே கருத்து தமிழருக்கு எதிராகப் பயன்பட்டது. இது தவறு என்றே நான் எண்ணுகிறேன். தோட்டத் தமிழர் போருக்கு முன்பே அங்கே குடியேறிவிட்டார்கள். ஊருக்குப் போய்வந்ததும் பணம் அனுப்பியதும் அங்கே குடும்பம் நடத்திய முறையின் ஒரு பகுதிதான்.

எதிர்த்தரப்பின் பெரிய ஆயுதம் கப்பல் கணக்கு. மலாயா இந்தியரின் வரலாற்றை ஆராய்ந்த கெர்னியல் சிங் சாந்துவின் மதிப்பீட்டின்படி, 1860 முதல் 1957 வரை ஏறத்தாழ 40 லட்சம் இந்தியர் மலாயாவுக்குள் வந்தார்கள், 28 லட்சம் பேர் வெளியேறினார்கள். பத்தில் ஏழு பேர் திரும்பிப் போயிருக்க, குடியேற்றம் என்று எப்படிச் சொல்வது? ஆனால் இது கப்பல் ஏறிய தடவைகளின் கணக்கு, ஆட்களின் கணக்கு அல்ல. தங்கை கல்யாணத்துக்கு ஊர் போய் ஆறு மாதத்தில் திரும்பியவர் இதில் ஒருமுறை வெளியேறியவர், இருமுறை வந்தவர். கங்காணி என்ற தோட்ட மேஸ்திரி வழியாக ஆளெடுக்கும் கங்காணி முறையே இப்படிப் போய்வருவதை நம்பித்தான் நடந்தது. 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்த பிறகு, உரிமச் சீட்டு வாங்கிய கங்காணி தன் சொந்த ஊருக்கே போய், தன் உறவையும் தெருவையும் கூட்டிவந்தான். 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதியிலிருந்து கப்பல் செலவு கிடைத்தது. ஆக ஒருவர் ஊர் போய்த் திரும்புகையில் பெரும்பாலும் தனியாகத் திரும்பவில்லை. பெண்களின் எண்ணிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. 1911-இல் மலாயா இந்தியரில் 1,000 ஆண்களுக்கு 308 பெண்கள், 1931-இல் 482, 1947-இல் 637. பெண்களுக்குக் கூலி குறைவு, அதனால் துரைமார்கள் எனப்பட்ட தோட்ட நிர்வாகிகள் குடும்பத்தோடு ஆளெடுப்பதை விரும்பினார்கள் என்று இதற்கு மறுப்புச் சொல்லலாம். அது உண்மையும்கூட. ஆனால் யார் விருப்பத்தால் வந்தாலும் லயம் எனப்பட்ட வரிசை வீடுகளில் பிள்ளை பிறந்தது, பெயர் வைத்தார்கள், காது குத்தினார்கள். 1957 கணக்கெடுப்பில் 8,58,614 இந்தியரில் 62 விழுக்காட்டினர் உள்ளூரில் பிறந்தவர்கள். விடுதலைக்கு முந்திய ஓரிரு ஆண்டுகளில் உண்டாகிவிடக்கூடிய விகிதம் அல்ல இது.

தோட்டத்துப் பெரியவர்களின் நினைவுகளில் இந்தக் குடியேற்றத்தின் அன்றாட முகம் தெரிகிறது. விடியுமுன்பே பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு, கங்காணி பெயர் கூப்பிட, கிராணி எனப்பட்ட எழுத்தர் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். பிறகு நிரையில் இறங்கிப் பால்மரம் சீவி, ஒவ்வொரு மரத்திலும் பால் வடியும் கிண்ணமான மங்கைச் சரிசெய்து, முற்பகலில் திரும்பவும் அதே மரங்களைச் சுற்றிவந்து பாலை வாளியில் சேர்த்து, காண்டாக் கம்பில் தோளேற்றி ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுக்க வேண்டும். மறுநாள் மங்கில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலைப் பிய்த்துச் சேர்ப்பது பெரும்பாலும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் விழுந்த வேலை. கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். இவையெல்லாம் முதலாளி வகுத்த ஒழுங்கு. மாலையில் அவர்கள் தாமாகச் செய்தவை வேறு: லயத்துக்குப் பின்னால் கீரையும் முருங்கையும் போட்டார்கள், மாடு வாங்கிக் கட்டினார்கள், மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் கோயில் எழுப்பினார்கள், ஆண்டுதோறும் தீமிதித்தார்கள். மாட்டைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போக முடியாது. பசுவின் ஈற்றுக்கும் முருங்கையின் காய்ப்புக்கும் காத்திருப்பவர் அடுத்த வருஷமும் அங்கேயே இருப்போம் என்று எண்ணியவர்தான். வயதானவர்களின் நினைவு கடந்ததை இனிப்பாக்கிக் காட்டும், அதைச் சான்றாக எடுக்கலாமா என்று கேட்பது நியாயம். அதனால்தான் நினைவை மட்டும் நம்பாமல், அந்தக் காலத்திலேயே அவர்கள் வாய்திறந்து கேட்டது என்ன என்றும் பார்க்க வேண்டும்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன். கோரிக்கைகளில் கூலி இருந்தது. சீனத் தொழிலாளிக்குக் கொடுப்பதை எங்களுக்கும் கொடு என்றார்கள். ஆனால் மற்றவற்றைப் படித்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும். கள்ளுக்கடையை மூட வேண்டும். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்த வேண்டும். வெளியூர் உறவினரும் நண்பர்களும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும். துரையோ கிராணியோ எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்கி நிற்கச் சொல்லக் கூடாது. மூட்டை கட்டிவைத்திருப்பவன் கூலியைக் கூட்டிக் கேட்பான். பள்ளிக்கூடத்தையும் விருந்தாளி வந்துபோகும் உரிமையையும் கேட்க மாட்டான். பத்துக் குழந்தைகள் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. பல தோட்டங்களில் பள்ளி என்ற பெயருக்கு ஒரு கொட்டகையும், எழுத்தறிந்த ஒருவரும் இருந்ததோடு சரி. சட்டத்தில் உள்ளதை நிஜமாக்கு என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் துப்பாக்கிச் சூடு. உயிர்ப்பலியும் நேர்ந்தது. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: அவர்கள் தங்கியது விருப்பத்தால் அல்ல, சிக்கிக்கொண்டதால். 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற கூலிப் பயணத்தைத் தடை செய்தது. அடுத்து ஜப்பானியர் வந்தார்கள். அவர்கள் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களில் எத்தனையோ குடும்பத் தலைவர்கள் மீளவே இல்லை. இத்தனைக்கும் பிறகு தெரிவு என்று பேசலாமா? வறுமையில் இருப்பவரின் தெரிவு குறுகியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் 1938 தடை வருகையைத்தான் நிறுத்தியது, திரும்பிப் போவதை அல்ல. அதற்கு முன், 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். 1934-இல் வழி திறந்ததும் மீண்டும் ஆட்கள் வந்தார்கள். போருக்குப் பின்னும் ரஜூலா போன்ற கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஊரைப் பார்க்கப் போனவர்கள் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

இதற்கு மேலும் ஐயம் இருந்தால் 1960-ஐப் பார்க்கலாம். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கி, லயத்தோடு சேர்த்து வாழ்வும் பறிபோகும் நிலை வந்தபோது, மலாயா இந்தியரின் அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் கூலியிலிருந்து தவணை கட்டிப் பங்கு வாங்கினார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. ஊருக்கு மணியார்டர் போட்டிருக்கக்கூடிய பணம் மலாயா மண்ணில் இறங்கியது. இருந்தும் 1969-க்குப் பின், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய உரிமச் சீட்டு வாங்க வேண்டும் என்ற விதி வந்தபோது, வாழ்நாளெல்லாம் பால்மரம் சீவியவர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற வேண்டியதாயிற்று. விண்ணப்பத்தின் அருமையை எடுத்துச் சொல்ல ஆளில்லாமலும், ஒருநாள் கூலியை விட்டுப் பட்டணம் போக முடியாமலும் குடியுரிமையைத் தவறவிட்டவர்கள் அவர்களில் பலர். அவர்களைப் போலவே தவறவிட்டும் போகாமல் தங்கியவர்கள் நிரந்தரவாசிக்குரிய சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையடைந்தார்கள். பேரப்பிள்ளைகள் கையில் குடிமக்களுக்குரிய நீல அட்டை. இப்படி மிஞ்சியிருக்கும் பெரியவர்களிடம் தள்ளாத வயதில் மொழித் தேர்வு எழுதச் சொல்வது கொடுமை. தினமும் பெரட்டில் அவர்கள் பெயரைக் குறித்த தோட்டப் பதிவேடு கிடைக்கிற இடத்தில் அதையே சான்றாக ஏற்றுக் குடியுரிமை கொடுத்துவிட வேண்டும்.